மஞ்சப்பை அலைவரிசை

இந்தியாவில் ஆய்வுத் தரவை அதிவேகமாகச் சுமக்கும் வலையமைப்பு எது? டெல்லியில் கேட்டால் பெரிய பெயராகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், நீலகிரி மலையின் நடுவட்டத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் அரசுப் பேருந்து.

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, கணக்குப் போட்டே சொல்கிறேன். 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றை மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருங்கள். பைக்காராவில் ஆட்கள் ஏறி இறங்க, ஒன்றரை மணி நேரத்தில் ஊட்டி. வகுத்துப் பார்த்தால் நொடிக்கு ஏறக்குறைய 6 ஜிகாபிட். அதே 4 டெராபைட்டை 100 மெகாபிட் இணைப்பில் ஏற்றினால், அந்த 100 முழுசாகக் கிடைத்தால்கூட, மூன்றரை நாளுக்கு மேல் ஆகும். 10 மெகாபிட்தான் கிடைக்கிறது என்றால் 37 நாள். அதுவும் நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். கணினிக்காரர்கள் உலகம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிற பழைய வேடிக்கைதான் இது. அவர்களுக்கு வேடிக்கை, நமக்கு நடைமுறை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் பிளாஸ்டிக்கை எவ்வளவு ஒழித்ததோ தெரியாது, நாட்டின் அறிவியல் உள்கட்டமைப்பை அதுதான் கைப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறது.

யாருக்கு இந்த மலையில் 4 டெராபைட் என்று கேட்பீர்கள். ஓர் ஆய்வு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். நடுவட்டத்துக்குப் பக்கத்துச் சோலைகளில் நீலகிரி சிரிப்பான் என்ற குருவியின் குரலைப் பதிவுசெய்ய வருகிறார். இந்த மலையை விட்டால் அந்தக் குருவிக்கு வேறு ஊர் கிடையாது. பத்து ஒலிப்பதிவுக் கருவிகளை மரத்தில் கட்டுகிறார். ஒரு கருவி நொடிக்கு 48,000 மாதிரி, 16 பிட் கணக்கில் இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 8.3 ஜிபி. பத்துக் கருவிக்கு 83 ஜிபி. 48 நாளில், ஒரு மண்டலத்தில், டிஸ்க் நிரம்பிவிடும். சபரிமலைக்கு மாலை போட்டவர் விரதம் முடித்த கையோடு இவருடைய டிஸ்க்கும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் நம் மாணவி கல்லும் முள்ளும் மிதிக்கத் தொடங்குவார்.

கல்லூரிக்குக் கொண்டுபோய் வலையமைப்பில் ஏற்றப் பார்ப்பார். அங்கே ஃபயர்வால் இருக்கும். தேர்வு நேரத்தில் பையன்கள் சினிமா பார்க்கக்கூடாது என்று வாங்கிய ஃபயர்வால். சின்னச் சின்னப் போக்குவரத்து ஆயிரம் வந்தால் அது தாங்கும். ஒரே மூச்சாக ஒரு பெரிய கோப்பு வந்தால் திணறும், தரவுப் பொட்டலங்களைக் கீழே போடும். ஒரு பொட்டலம் விழுந்தாலும் அனுப்புகிற கணினி மிரண்டுபோய் வேகத்தைப் பாதியாக்கிக்கொள்ளும், மறுபடி மெல்ல மெல்ல ஏறும். தூரம் கூடக்கூட ஏறுவதற்கு ஆகும் நேரமும் கூடும். அமெரிக்க எரிசக்தித் துறையின் அறிவியல் வலையமைப்பான ஈஎஸ்நெட் ஆட்கள் இதை 2013இல் எழுதிவைத்தார்கள். பழுதான ஒரு ரூட்டர் அட்டை 22,000 பொட்டலத்துக்கு ஒன்றைத் தவறவிட்டதற்கே தொலைதூரத் தரவு வேகம் படுத்துவிட்டதாம். அவர்கள் செய்த பரிகாரம், பெருந்தரவுக்கு வளாகத்தில் தனி வழி விட்டு, அதன் வாசலில் வேகத்தை ஓயாமல் அளக்கும் கருவியை வைத்தது. நாம் செய்யும் பரிகாரம் ‘தயவுசெய்து கேபிளைப் பிடுங்கி மாட்டவும்’ என்று ஏ4 தாளில் எழுதி ஒட்டுவது.

மாணவி வலையமைப்பின் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தால் பதில் இப்படித்தான் வரும்:

“தரவா? அது எங்க பிரிவு இல்லம்மா. நாங்க லிங்க் மட்டும்தான்.”

“லிங்க் மெதுவா இருக்கு சார்.”

“லிங்க் அப்ல இருக்கே. எங்க ஸ்க்ரீன்ல பச்சையா காட்டுது.”

நாட்டின் அறிவியல் வளர்ச்சிக்கு அந்தப் பச்சை விளக்கு ஒன்றே அளவுகோல். விளக்கு எரிகிறது. வேலை நடக்கிறதா என்று கேட்பது வேறு பிரிவு. அந்தப் பிரிவை இன்னும் தொடங்கவில்லை.

நியாயமாகப் பேசுவோம். 1986இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்ற கல்வி ஆய்வு வலையமைப்பைத் தொடங்கிய ஆட்கள் இந்த நாட்டுக்கு இணையம் என்ற ஒன்றையே அறிமுகப்படுத்தினார்கள். ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் மின்னஞ்சல் அனுப்பப் பழகியது அதில்தான். 2010 மார்ச்சில் மத்திய அமைச்சரவை தேசிய அறிவு வலையமைப்புக்கு 5,990 கோடி ரூபாய் ஒதுக்கியது. 1,500 நிறுவனங்களை இணைப்பது இலக்கு, தேசியத் தகவலியல் மையம் பொறுப்பு. கேபிள் போட்டதை யாரும் குறை சொல்லவில்லை. கேபிள் போட்டதும் கடமை முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டுப் போனார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது. ஆனை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை நம் ஊரில் பழசு. இங்கே ஆனை நிற்கிறது, பாகனும் இல்லை, அங்குசமும் இல்லை, திறப்பு விழாப் பலகை மட்டும் பளபளக்கிறது.

அந்த வலையமைப்பால் முடியாது என்றும் சொல்ல முடியாது. ஜெனீவா பக்கம் பூமிக்கடியில் புரோட்டானும் புரோட்டானும் முட்டிக்கொண்டால், அந்தத் தரவு மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கொல்கத்தா சைக்ளோட்ரான் மையத்துக்கும் இதன் வழியாகத்தான் வந்து சேர்கிறது. மெச்ச வேண்டிய வேலை. ஐரோப்பாவில் நடக்கும் மோதல் இந்தியாவுக்கு வருகிறது. கிளென்மார்கனில் பெய்த மழை ஊட்டி தாண்டுமா என்பதுதான் என் கேள்வி.

கிளென்மார்கனை இழுத்ததற்குக் காரணம் உண்டு. நடுவட்டம் போகும் வழியில், பைக்காரா மின்திட்டத்தின் முன்தேக்கம் இருக்கும் ஊர் அது. 1968இல் உதகையின் மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் 32 ஹெக்டேர் அளவு. இரண்டிலும் ஓடும் தண்ணீரை நாலு வருடம் அளந்து, இரண்டும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்தார்கள். 1972இல் ஒன்றில் மட்டும் 59 சதவீத இடத்தில் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், நட்டார்கள். மற்றதைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டார்கள். பிறகு வருடக்கணக்காக, மழையானாலும் பனியானாலும், அளவு குறித்துக்கொண்டே இருந்தார்கள். முடிவு: கற்பூர மரம் நின்ற இடத்தில் முதல் சுற்றில் ஆண்டு நீர் வரத்து 16 சதவீதம் குறைந்திருந்தது. வெட்டி மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம்.

இந்த மலையின் தண்ணீர்க் கதையை எண்ணில் சொன்ன வேலை அது. எத்தனை கால் மரத்துப்போயிருக்கும், எத்தனை அட்டை கடித்திருக்கும். முதல் சுற்றின் கட்டுரை 1988இல் எங்கே வந்தது? ஆம்ஸ்டர்டாமில் அச்சாகும் நீரியல் இதழில். இன்றும் அதன் வாசலில் கட்டணக் கதவு. கிளென்மார்கன் ஓடையில் தண்ணீர் ஏன் குறைந்தது என்று நடுவட்டம் பேரூராட்சி தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் டச்சுக்காரக் கம்பெனிக்கு டாலர் அனுப்பவேண்டும். ஓடை நம்முடையது, சம்பளம் நம் வரிப்பணம், அட்டைக்கடி நம் ஆளுடையது, ரசீது மட்டும் ஆம்ஸ்டர்டாமுடையது. கட்டுரையாவது காசு கொடுத்தால் கிடைக்கும். அதற்கு அடியில் இருக்கும் தினசரி நீரளவுகள்? 5,990 கோடி வலையமைப்பில் எந்த முகவரியைத் தட்டினால் அவை வரும்? ‘தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை’ என்று 2012இலேயே ஒன்று வெளியிட்டாயிற்று. அரசுப் பணத்தில் சேர்ந்த தரவு மக்களுக்குத் திறக்கப்படவேண்டும் என்று அதில் அழகாக எழுதியிருக்கிறது. கொள்கை திறந்தே கிடக்கிறது. பீரோ பூட்டியிருக்கிறது.

இதே நடுவட்டத்தில் இன்னொரு காலம் இருந்தது. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து, கொயினா மருந்து தரும் சின்கோனாவைக் கொண்டுவந்து சேர்த்தார். மெக்கைவர் ஊட்டியில் வளர்த்தெடுத்தார். நடுவட்டத்தில் பெருந்தோட்டம் எழுந்தது. சிறை நிரம்பி வழிந்த மலாய்க் குடியேற்றங்களிலிருந்து சீனக் கைதிகளை இங்கே கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். அவர்களை அடைத்த சிறைக் கட்டடத்தைச் சுற்றுலாப் பயணிகள் இன்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். 1866இல் பட்டைகளைச் சோதிக்க ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளர் வந்தார். எந்த மரத்தில், எந்த வயதில், பாசி சுற்றிய பட்டையில் எவ்வளவு, சுற்றாத பட்டையில் எவ்வளவு கொயினா என்று அளந்து எழுதினார். அந்த அறிக்கைகள் மாட்டு வண்டியிலும் கப்பலிலும் லண்டன் போய், நாடாளுமன்ற ஆவணங்களில் அச்சாயின. இன்றைக்கும் நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம்.

வெள்ளைக்காரன் தர்மப்பிரபு என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். அவன் கொள்ளையடிக்கக் கணக்கு வைத்தான். நாம் காப்பாற்றக்கூடக் கணக்கு வைப்பதில்லை. கணக்கு வைத்தவனையும் தோற்கடித்தார்கள் என்பது தனிக் கதை. சார்ல்ஸ் லெட்ஜர் 1865இல் கொண்டுவந்த நல்ல விதையை பிரிட்டிஷ் அரசு வேண்டாம் என்றது; டச்சுக்காரர்கள் வாங்கி, ஜாவாவில் மரம் மரமாகப் பட்டையைச் சோதித்து, கொயினா அதிகமுள்ளதை மட்டும் பெருக்கி, உலகச் சந்தையையே பிடித்தார்கள். மரம் மரமாகத் தரவு சேர்த்தவன் ஜெயித்தான். நடுவட்டத்துச் சின்கோனா தேயிலைக்கு இடம்விட்டது. அந்தத் தேயிலையைப் பறிக்க, 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய நம் மக்கள் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்துக்கு வந்தார்கள்.

தரவை வைத்துக் காப்பாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மலையிலேயே சாட்சி இருக்கிறது. ஊட்டி விண்கதிர் ஆய்வுக்கூடத்தின் கிரேப்ஸ்-3 கருவி இரவு பகலாக மியூவான் துகள்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. 2011 ஏப்ரலிலிருந்து 2014 டிசம்பர் வரை 184 இடிமழைகளின்போது பதிவானதை உட்கார்ந்து அலசினார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிமேல் நின்ற ஒரு மேகம் மியூவான் எண்ணிக்கையைக் குறைத்திருந்தது. அந்தக் குறைவிலிருந்து மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தத்தைக் கணித்தார்கள். 130 கோடி வோல்ட். 2019இல் அது வெளியானபோது உலகம் நிமிர்ந்து பார்த்தது. அன்றைய தரவை யாராவது ‘இடம் பத்தவில்லை’ என்று அழித்திருந்தால் அந்த மேகம் சும்மா மழை பெய்துவிட்டுப் போயிருக்கும்.

அதே 2019, ஆகஸ்ட் 8. அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மண் சரிந்தது, ஆட்கள் செத்தார்கள். அடுத்த சரிவு எங்கே என்று சொல்ல மழைத் தரவு, மண் தரவு, ஓடைத் தரவு எல்லாம் ஒரே இடத்தில் சேரவேண்டும். இந்த ஒரு மாவட்டத்தில் மண் நீர் மையம் இருக்கிறது, முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வெலிங்டனில் கோதுமை ஆய்வு, சாண்டிநல்லாவில் ஆட்டின ஆராய்ச்சி, குன்னூரில் 1907 முதல் பாஸ்டியர் நிறுவனம், ஊட்டியில் அரசு கலைக் கல்லூரி. எல்லாரும் மழையில் நனைகிறார்கள், தனித்தனியாக. ஒருவர் அளவை இன்னொருவர் பார்க்கவேண்டுமானால் ‘தக்க வழியில்’ கடிதம் எழுதவேண்டும். தக்க வழி டெல்லி போய் வரும்.

வண்டிகளை எண்ணுவதற்கு மட்டும் எங்கிருந்தோ வேகம் வந்துவிடுகிறது. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிக்கு ஈ-பாஸ். உயர் நீதிமன்றம் சாட்டையை எடுத்ததும் எந்த வண்டி, எந்த ஊர், எத்தனை பேர் என்று கணக்கு விரல்நுனியில் நிற்கிறது. ஆக, மனசு வைத்தால் தரவு சேரும், உடனே சேரும், பகிரவும் படும். இனி மழைக்கும் நீதிமன்றத்தில்தான் வழக்குப் போடவேண்டும் போலிருக்கிறது.

இப்போது காசுக் கதை. 2024 நவம்பர் 25 அன்று ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 6,000 கோடி ரூபாய் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுக்கு, 30 பதிப்பகங்களின் 13,000 இதழ்களை 6,300 அரசு நிறுவனங்கள் படிக்கலாம். ஏழைக் கல்லூரிப் பிள்ளைக்கு இதழ் கிடைப்பதை நான் எதிர்ப்பேனா? ஆனால் கூட்டிக் கழித்துப் பாருங்கள். வலையமைப்பைப் போட மொத்தமாக 5,990 கோடி. நம் ஆட்கள் எழுதிக்கொடுத்ததையும் சேர்த்து அயல்நாட்டுக் கம்பெனிகளிடமிருந்து மூன்று வருடம் வாடகைக்குப் படிக்க 6,000 கோடி. படித்து முடித்தபின் நம் சொந்தத் தரவை வைக்க ஓர் அலமாரி கேட்டால் ‘நிதி நிலைமை’ என்று உதட்டைப் பிதுக்குவார்கள். சோத்கங்கா என்ற ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் லட்சக்கணக்கான ஆய்வேடுகள் பிடிஎஃப்பாகக் குவிந்திருக்கின்றன; 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி போட்டதன் பலன். நல்லது. அந்த ஆய்வேட்டுக்கு உயிர் கொடுத்த பதிவுகள் எங்கே? ஆய்வாளரின் மாமியார் வீட்டுப் பரணில். முனைவர் பட்டம் வாங்கியவர் லேப்டாப்பை மாற்றும் நாள்தான் அந்தத் தரவின் கருமாதி நாள்.

மரபணுத் தரவுக்கு மட்டும் விடிவு வந்தது. ஃபரிதாபாத்தில் 2022 நவம்பரில் இந்திய உயிரியல் தரவு மையம் திறந்தார்கள், 4 பெட்டாபைட் கொள்ளளவு. ஒடிசாவில் மாற்றுப் பிரதியும் உண்டு. அரசுக்கு வழி தெரியாமல் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? குருவியின் டிஎன்ஏவுக்கு வீடு கொடுத்தவர்களுக்குக் குருவியின் குரலுக்கு ஒரு திண்ணைகூடக் கொடுக்க மனசு வரவில்லை.

பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 1990இல் மின்னஞ்சலாகத் தொடங்கிய லேர்ன் என்ற அவர்களுடைய கல்வி ஆய்வு வலையமைப்பு, 2020இல் கொரோனா வந்து பல்கலைக்கழகங்களை மூடியபோது சூம் வகுப்புகளைத் தன் தோளில் தாங்கியது. தொலைபேசிக் கம்பெனிகளோடு பேசி, பல்கலைக்கழகப் பாடத் தளங்களைப் பிள்ளைகள் டேட்டாக் காசில்லாமல் பார்க்க வழிசெய்தார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் அது கிடைத்தது. ‘நாங்க லிங்க் மட்டும்தான்’ என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அதற்காக வெளிநாடெல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலிய வலையமைப்பு ஆய்வாளர்களுக்கு வருடக்கணக்காக நடத்திவந்த கிளவுட்ஸ்டோர் சேமிப்பை 2023 கடைசியில் இழுத்து மூடிவிட்டது. அலமாரி வைப்பதோடு அதற்கு வருடா வருடம் படியளக்க ஒருத்தன் பொறுப்பேற்கவும் வேண்டும்.

வலையமைப்புக்காரர்களிடம் கேட்பதற்குப் பெரிய பட்டியல் ஒன்றும் இல்லை. அரசுக் கல்லூரிக்கும் மலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் பெருந்தரவுக்கு ஒரு தனி வாசல். பச்சை விளக்கை நம்பாமல் கோப்பு உண்மையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று முனைக்கு முனை அளந்து எல்லாரும் பார்க்க வைக்கும் பலகை. ஒரே கடவுச்சொல்லில் எந்த வளாக வைஃபையிலும் நுழைய எர்நெட் நடத்தும் எடுரோம், எல்லா மலைக் கல்லூரிக்கும் வரட்டும். நிரந்தர முகவரியோடு தரவை வைக்க ஓர் இடம். இவ்வளவுக்கும் பெட்டி வாங்கினால் போதாது. பெட்டி வாங்க டெண்டர் போடுவதில் நமக்கு இணையே கிடையாது, யுபிஎஸ் பேட்டரி செத்தபின் அந்த ரேக்கில் கோப்பு அடுக்கும் பழக்கமும் இருக்கிறது. இல்லாதது ஆள்தான். மாணவி டிஸ்க்கோடு வந்து நின்றால் ‘உட்காரும்மா, என்ன ஃபார்மேட்?’ என்று கேட்கும் ஓர் ஆள். சம்பளம் வாங்கிக்கொண்டு, பதவி உயர்வு உள்ள, தினக்கூலி இல்லாத ஆள்.

ஆளுக்குக் காசில்லை என்பார்கள். சந்தாக் காசு 6,000 கோடியை மூன்று வருடத்து நாட்களால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5.5 கோடி. மாதம் 50,000 ரூபாய் சம்பளம் என்றால் அந்த ஒரே ஒரு நாள் காசில் 90 பேருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுக்கலாம். 2027இல் சந்தாவைப் புதுப்பிக்க அமைச்சகம் கம்பெனிகளோடு உட்காரும்போது ஒரே ஒரு நாளை மட்டும் இதழ் இல்லாமல் விடட்டும். அன்றைக்கு மொத்த இந்தியாவும் ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்துக்கொள்ளும், ஒன்றும் குடிமுழுகாது. 90 பேரில் நீலகிரிக்கு மூன்று பேர் போதும். முதல் ஆள் கிளென்மார்கன் நீரளவுகளை எண்ணாக்கி ஏற்றட்டும். இரண்டாம் ஆள் மழைமானி வைத்திருக்கும் நிலையங்களை ஒரே மேஜையில் உட்காரவைக்கட்டும். மூன்றாவது ஆளுக்குச் சிரிப்பான் குருவி காத்திருக்கிறது. மீதி 87 பேர் எந்த ஊருக்கு என்று டெல்லி கூட்டம் போட்டு முடிவுசெய்துகொள்ளட்டும். அந்தக் கூட்டத்தின் பொன்னாடைச் செலவையும் முந்திரி பக்கோடாச் செலவையும் மட்டும் இந்த 5.5 கோடியில் எழுதாமல் இருந்தால் சரி.